மென்லிகென் முதல் கிளைனே ஷைடெக் வரை: அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகக்கூடிய ஆல்ப்ஸ் நடை

சுவிட்சர்லாந்துக்கு வரும் நம்மவர்களில் முக்கால்வாசிப் பேர் இன்டர்லாகெனில் தங்கி, விடியற்காலையில் எழுந்து, யுங்ஃப்ராவ்யோஹ் வரை ரயிலில் ஏறி, பனியில் நின்று படம் எடுத்து, லேசான தலைவலியோடு கீழே இறங்கிவிடுவார்கள். அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். 3454 மீட்டர் உயரத்தில் ஒரு ரயில் நிலையம் இருப்பதே அதிசயம்தான். ஆனால் மலையின் தோள்மேல் ஏறி நின்றவனுக்கு அந்த மலை தெரியாது. ஐகர், மோன்ச், யுங்ஃப்ராவ் மூன்றும் தோளோடு தோள் ஒட்டி நிற்பதைப் பார்க்க வேண்டுமானால் எதிரே கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும். அந்த எதிர்ப்பக்கத்து மலைமுதுகின் பெயர்தான் மென்லிகென். அங்கிருந்து கிளைனே ஷைடெக் என்ற கணவாய்க்குப் போகும் பாதையைப் பற்றித்தான் இவ்வளவு நீளமாக எழுதப் போகிறேன். உள்ளூர் நடைப்பாதை வரைபடத்தில் இதன் எண் 33, பெயர் பனோரமா பாதை.

முதலில் கணக்கு. தூரம் சுமார் நாலரை கி.மீ. புறப்படும் இடம் ஏறத்தாழ 2225 மீட்டர், முடியும் இடம் 2061 மீட்டர். அதாவது ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை, முழுக்க மெல்லிய இறக்கம். நிற்காமல் நடந்தால் ஒன்றரை மணி நேரம் கூட ஆகாது. நிற்காமல் நடக்கிறவர்கள் ஏன் அங்கே வருகிறார்கள் என்பது வேறு கேள்வி. நாங்கள் போனபோது மூன்றரை மணி நேரம் எடுத்தோம், அதுதான் சரியான வேகம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

உயரம் கேட்டு வீட்டுப் பெரியவர்கள் பயந்தால் இப்படிச் சொல்லுங்கள்: ஊட்டி நகரமே சுமார் 2240 மீட்டரில் இருக்கிறது. ஊட்டி ஏரியைச் சுற்றி நடந்தவர்களுக்கு இங்கே மூச்சு வாங்காது. இதய நோய், மூச்சுப் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு வரட்டும்.

நான் முதல் தடவை இந்தப் பாதையில் நடந்தது எல்லாம் தலைகீழாக. மதியம் இரண்டு மணிக்கு, கிளைனே ஷைடெக்கிலிருந்து மென்லிகென் நோக்கி. மலைகள் முதுகுக்குப் பின்னால், முன்னால் வெறும் புல்சரிவு, பாதி வழியில் மேகம் மூடிவிட்டது, கடைசிக் கேபிள் காரைப் பிடிக்க ஓட்டமும் நடையுமாகப் போனேன். திரும்பி வந்து நண்பர்களிடம் "பரவாயில்லை, ஒரு தடவை பார்க்கலாம்" என்றேன். அடுத்த வருடம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு காலையில், சரியான திசையில் போனபோதுதான் எதைத் தவறவிட்டிருக்கிறேன் என்று புரிந்தது. இந்த நடைக்கு உடல் பலம் தேவையில்லை. திசையும் நேரமும்தான் தேவை. கீழே எழுதியிருப்பதில் பாதி அந்த இரண்டைப் பற்றித்தான்.

எந்த மாதம்

மென்லிகெனுக்கு ஏறும் கேபிள் கார்கள் கோடைக்கால ஓட்டத்தை மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் ஆரம்பித்து அக்டோபர் வரை ஓட்டும். ஆனால் கேபிள் கார் ஓடுகிறது என்பதற்காகப் பாதை திறந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஜூன் முதல் பாதியில் ட்சுக்கென் மலையின் சரிவில் பழைய பனி திட்டுத்திட்டாகக் கிடக்கும், சில வருடங்களில் பாதையையே மறித்துக்கொண்டு கிடக்கும். ரயில் நிறுவனத்தின் தளத்தில் ஒவ்வொரு நடைப்பாதையும் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று போட்டிருப்பார்கள். முந்தின நாள் அதைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

பூக்கள் வேண்டுமா, ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நடு வரை. கருநீல ஜென்ஷியன், சிவந்த ஆல்பன்ரோஸ், ஈர நிலத்தில் பஞ்சுத் தலையோடு ஆடும் பருத்திப் புல் எல்லாம் பாதையோரத்திலேயே இருக்கும். மாடுகள் வேண்டுமா, ஜூலை, ஆகஸ்ட். தெளிந்த வானம் வேண்டுமா, செப்டம்பர். என்னைக் கேட்டால் செப்டம்பர் இரண்டாவது வாரம், அதுவும் வாரநாள். புல் பழுத்துப் பொன்னிறமாகத் தொடங்கியிருக்கும், கூட்டம் பாதியாகியிருக்கும், மதிய இடி மழையின் தொல்லையும் குறைந்திருக்கும். பனிக்காலத்திலும் இந்த வழியைப் பனியை அழுத்திச் சமன்செய்து நடைப்பாதையாக வைத்திருப்பார்கள், ஆனால் அது வேறு உடை, வேறு காலணி, வேறு கட்டுரை.

எந்த நேரம்

கோடையில் மலைநாட்டு வானத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் துடைத்துவைத்த மாதிரி இருக்கும். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் காற்று சூடாகிச் சரிவு வழியே மேலேறும், பதினொன்று, பன்னிரண்டு மணிக்கு உச்சிகளின் இடுப்பில் ஒரு பஞ்சுத் துண்டு தோன்றும், இரண்டு மணிக்கு மலையே இருக்காது. ஜூலை, ஆகஸ்டில் அதற்குப் பிறகு இடியும் வரலாம். ஆகவே காலை ஒன்பது, ஒன்பதரைக்குள் மேலே நிற்கிற மாதிரி கிளம்புங்கள்.

படம் எடுப்பவர்களுக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஐகரின் புகழ்பெற்ற சுவர் வடக்கு நோக்கியது. காலையில் சூரியன் அதன் பின்பக்கம் இருப்பதால் சுவர் கறுப்பாக நிழலில் கிடக்கும், வெளிச்சம் அதன்மேல் விழுவது பிற்பகலில்தான். வெளிச்சத்துக்காகக் காத்திருந்தால் மேகம், மேகத்துக்குப் பயந்து காலையில் போனால் நிழல். ஜூலை, ஆகஸ்டில் நான் நிழலைத்தான் எடுப்பேன், அந்தக் கறுப்பும் ஒரு அழகு. செப்டம்பரில் முன்னறிவிப்பு நல்லபடியாக இருந்தால் பத்தரை, பதினொரு மணிக்குத் தொடங்கி இரண்டையும் பெறலாம்.

முந்தின இரவு சுவிஸ் வானிலைத் துறையின் செயலியைப் பாருங்கள். காலையில் எழுந்ததும் மலைமேல் இருக்கும் நேரலைக் கேமராவைப் பாருங்கள், அது மிக முக்கியம். கீழே இன்டர்லாகெனில் மூட்டமாக இருக்கும், மேலே வெயில் கொட்டும். தலைகீழாகவும் நடக்கும். ஜன்னலுக்கு வெளியே பார்த்து முடிவு செய்யாதீர்கள், கேமராவைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மேலே வெள்ளையாக ஒன்றும் தெரியவில்லை என்றால் டிக்கெட் வாங்காமல் பேசாமல் படகில் ஏறி பிரியென்ஸ் ஏரியைச் சுற்றுங்கள். இன்னொன்று, ஃபோன் என்ற தெற்குக் காற்று பலமாக வீசும் நாளில் வானம் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனால் கேபிள் கார் ஓடாமல் போகலாம். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட்

விலைகள் பருவத்துக்குப் பருவம் மாறுகின்றன, அதனால் எண்களை எழுதி உங்களைக் குழப்பவில்லை. எப்படி யோசிக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன். சுவிஸ் டிராவல் பாஸ் வைத்திருந்தால் வெங்கென் வரையும் கிரின்டெல்வால்ட் வரையும் தனியாகக் காசு இல்லை. அதற்கு மேலே ஏறும் கேபிள் காருக்கும் ரயிலுக்கும் தள்ளுபடி விலையில் டிக்கெட் வாங்க வேண்டும். ஹாஃப் ஃபேர் கார்டு இருந்தால் மென்லிகென் ஏறுவதற்குப் பாதி விலை. இந்த வட்டாரத்திலேயே மூன்று நாளோ அதற்கு மேலோ சுற்றப் போகிறீர்கள் என்றால் யுங்ஃப்ராவ் டிராவல் பாஸ் கட்டுப்படியாகும், மென்லிகென் ஏற்றமும் கிளைனே ஷைடெக் இறக்கமும் அதற்குள் வந்துவிடும்.

இங்கே பலர் செய்யும் தவறு, பழக்கதோஷத்தில் ஏறுவதற்கும் இறங்குவதற்குமாக ஒரே இடத்துக்கு ரிட்டர்ன் எடுத்துவிடுவது. நீங்கள் ஏறுவது மென்லிகெனில், இறங்குவது கிளைனே ஷைடெக்கில். ஆக, இரண்டு ஒற்றைவழி டிக்கெட், அல்லது கவுன்டரில் "மென்லிகென் ஏறி, ஷைடெக்குக்கு நடந்து, அங்கிருந்து இறங்குகிறோம்" என்று சொன்னால் அவர்களே சரியாகப் போட்டுக் கொடுப்பார்கள். செயலியில் தேடும்போது மென்லிகெனின் (Männlichen) 'ஏ' எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி இருக்கும், புள்ளி வைக்காமல் அடித்தாலும் வந்துவிடும்.

மேலே போவது

இரண்டு வழி. இன்டர்லாகென் ஓஸ்ட் நிலையத்திலிருந்து லவுட்டர்புருன்னென் போய், அங்கே பல்சக்கர ரயில் மாறி வெங்கென் ஏறி, ஊருக்குள் ஐந்து நிமிடம் நடந்து கேபிள் காரைப் பிடிப்பது ஒன்று. நேராக கிரின்டெல்வால்ட் டெர்மினல் போய் அங்கேயே கோண்டோலாவில் ஏறுவது இன்னொன்று.

இன்டர்லாகெனில் ஏறும்போதே கவனமாக இருங்கள். ஒரே ரயில்தான், ஆனால் ஸ்வைலுட்சினென் என்ற சிறு நிலையத்தில் அது இரண்டாகப் பிரியும், ஒரு பாதி லவுட்டர்புருன்னெனுக்கும் மறுபாதி கிரின்டெல்வால்டுக்கும் போகும். நடைமேடைப் பலகையிலும் பெட்டியின் பக்கவாட்டிலும் எந்தப் பாதி எங்கே என்று எழுதியிருக்கும். நான் ஒரு தடவை காபியும் கையுமாகத் தப்பான பாதியில் உட்கார்ந்து, எதிர் ஜன்னலில் அம்மா கையசைத்தபடி வேறு பள்ளத்தாக்குக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். குடும்பத்தோடு போகிறவர்கள் எல்லோரும் ஒரே பெட்டியில் ஏறுங்கள்.

வெங்கென் வழி அழகு. 1274 மீட்டரில், கார் நுழைய முடியாத கிராமம். நீங்கள் காரில் வந்தால் லவுட்டர்புருன்னெனில் நிறுத்திவிட்டு ரயிலில்தான் ஏற வேண்டும். ஏறும்போது கீழே லவுட்டர்புருன்னென் பள்ளத்தாக்கின் செங்குத்துப் பாறைச் சுவரும், அதிலிருந்து கிட்டத்தட்ட 300 மீட்டர் விழும் ஷ்டௌப்பாஹ் அருவியும் தெரியும். வெங்கெனிலிருந்து கேபிள் கார் ஐந்தாறு நிமிடத்தில் மேலே கொண்டுபோய் விட்டுவிடும். கொஞ்சம் காசு கூடக் கொடுத்தால் அதன் கூரைமேல் இருக்கும் திறந்த பால்கனியில் நின்றபடி போகலாம், இடம் குறைவு, காற்று பிய்க்கும். அம்மா மாட்டேன் என்றுவிட்டார், நான் நின்றேன், தொப்பியை இழந்தேன்.

கிரின்டெல்வால்ட் வழி வசதி. 2019 டிசம்பரில் திறந்த புதிய கோண்டோலா, பத்துப் பேர் உட்காரும் பெட்டி, சுமார் இருபது நிமிடம் மெதுவாக ஏறும். ரயில் நிலையம், கார் நிறுத்தம், கோண்டோலா எல்லாம் ஒரே கூரையின் கீழ். சக்கர நாற்காலி, குழந்தை வண்டி, முட்டிவலிக்காரர்கள் இருந்தால் யோசிக்காமல் இந்த வழி. அதே கட்டடத்திலிருந்துதான் யுங்ஃப்ராவ்யோஹ் போகிறவர்கள் ஏறும் ஐகர் எக்ஸ்பிரஸ் என்ற, 2020 டிசம்பரில் தொடங்கிய கேபிள் காரும் கிளம்புகிறது, கூட்டம் அதற்கு நிற்கும், நீங்கள் மென்லிகென் பலகையைப் பார்த்து வேறு பக்கம் திரும்புங்கள். பழக்கத்தில் கூட்டத்தோடு வரிசையில் நின்றுவிடாதீர்கள்.

மற்றவர்களுக்கு என் பரிந்துரை: வெங்கென் வழியாக ஏறுங்கள், கிரின்டெல்வால்ட் வழியாக இறங்குங்கள். இரண்டு பள்ளத்தாக்கையும் ஒரே நாளில் பார்த்த மாதிரி ஆகும்.

பையில் என்ன

கனமாக ஒன்றும் வேண்டாம். அடியில் பிடிப்புள்ள ஷூ போதும், மலையேற்றக் காலணி தேவையில்லை, ஆனால் செருப்பு வேண்டாம், சரளைக்கல் வழுக்கும். சேலை கட்டிக்கொண்டு நடக்கலாமா என்றால் தாராளமாக, என் அம்மா ஷூவும் ஸ்வெட்டரும் போட்டுச் சேலையில்தான் நடந்தார், எதிரே வந்த ஒரு ஜப்பானியப் பாட்டி நின்று பார்த்துச் சிரித்து வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.

உயரம் ஏற ஏற 1000 மீட்டருக்கு ஆறேழு டிகிரி குறையும். கீழே 25 என்றால் மேலே 14, 15, காற்றடித்தால் இன்னும் குறைவாகத் தோன்றும். ஆகவே ஒரு ஸ்வெட்டர், அதன்மேல் காற்றும் மழையும் புகாத மெல்லிய ஜாக்கெட். குடையை நம்பாதீர்கள், முதல் காற்றிலேயே மடங்கிவிடும். குளிர்கிறதே என்று வெயிலை மறந்துவிடாதீர்கள். இந்த உயரத்தில் வெயில் உறைக்காமலேயே தோலை எரித்துவிடும், வழியில் நிழலுக்கு ஒரு மரம்கூடக் கிடையாது. தொப்பி, கறுப்புக் கண்ணாடி, சன் ஸ்கிரீன் மூன்றும் கட்டாயம்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர். கிராமத்து நீரூற்றுகளில் குடிக்கக் கூடாது என்று எழுதியிராவிட்டால் தாராளமாகப் பிடித்துக்கொள்ளலாம், பாட்டில் தண்ணீர் வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம். பாதையில் கடை இல்லை, கழிப்பறையும் இரண்டு முனைகளில்தான். கிளம்பும் முன் போய்விட்டுக் கிளம்புங்கள், இதை அம்மாக்கள் சொல்வார்கள், நானும் சொல்கிறேன்.

சாப்பாடு கட்டிக்கொண்டு போவதுதான் உத்தமம். புளியோதரை, எலுமிச்சை சாதம் மாதிரி எதுவும் கெடாது. வழியெங்கும் பெஞ்சுகள் உண்டு, ஐகரைப் பார்த்துக்கொண்டு புளியோதரை சாப்பிடுவதற்கு எந்த ஓட்டலிலும் மேசை கிடைக்காது.

மேலே இறங்கியதும் உடனே நடக்காதீர்கள்

இரண்டு கேபிள் காரின் மேல்நிலையங்களும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. வெளியே வந்ததும் எல்லோரும் ஷைடெக் பலகையைப் பார்த்து விறுவிறு என்று தெற்கே நடக்கத் தொடங்குவார்கள். நீங்கள் முதலில் எதிர்த்திசையில், வடக்கே, மென்லிகென் உச்சிக்குப் போங்கள். 2342 மீட்டர். நூற்றுச் சொச்சம் மீட்டர் ஏற்றம், இருபது இருபத்தைந்து நிமிடம், இந்த நாளின் ஒரே உண்மையான ஏற்றம் இதுதான். உச்சியில் கிரீடம் மாதிரி ஒரு மேடை கட்டியிருக்கிறார்கள். கட்டட அழகைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு, அதை விடுங்கள். ஆனால் அங்கே நின்றால் ஒரு பக்கம் லவுட்டர்புருன்னென் பள்ளத்தாக்கு, இன்னொரு பக்கம் கிரின்டெல்வால்ட் பள்ளத்தாக்கு, நடுவில் கத்தி முதுகு போல நீங்கள். வடக்கே கீழே இன்டர்லாகென் பக்கம். தெற்கே மூவர்.

முட்டி ஒத்துழைக்காதவர்கள் உச்சியை விட்டுவிட்டு நிலையத்துக்கு அருகிலேயே உட்காரலாம். பிள்ளைகளுக்குப் பெரிய மரப்பசு வைத்த விளையாட்டிடம் இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டால் அரை மணி நேரம் போச்சு. அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நடை

மஞ்சள் பலகையில் கிளைனே ஷைடெக் என்று பார்த்துத் தொடங்குங்கள். சுவிட்சர்லாந்தில் வெறும் மஞ்சள் அடையாளம் என்றால் யாரும் நடக்கும் எளிய பாதை. வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு என்றால் மலைப்பாதை, கால் உறுதி வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் கயிறு, பாறை எல்லாம் தெரிந்தவர்களுக்கு மட்டும். பலகையில் போட்டிருக்கும் நேரம் நடக்கும் நேரம் மட்டும், நிற்கும் நேரம், படம், பலகாரம் எதுவும் அதில் இல்லை.

முதல் பகுதி அகலமான சரளைப்பாதை. பெரிய சக்கரக் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்களையும் பார்ப்பீர்கள், சின்னச் சக்கர மடிப்பு வண்டி மட்டும் வேண்டாம். வலப்பக்கம் ட்சுக்கென் மலை (2521 மீட்டர்) எழுந்து லவுட்டர்புருன்னென் பக்கத்தை மறைத்துவிடும். பாதை அதன் கிழக்கு இடுப்பைச் சுற்றிக்கொண்டு போகும், கிட்டத்தட்ட சமதளமாக. இடப்பக்கம் கீழே கிரின்டெல்வால்ட் கிராமம், மரவீடுகள் தீப்பெட்டி மாதிரி. அதற்கு மேலே கிழக்கில் அகன்று நிற்பது வெட்டர்ஹார்ன், 3692 மீட்டர். அதற்கு வலப்பக்கம் கூர்மையாகத் தெரிவது ஷ்ரெக்ஹார்ன், 4078 மீட்டர்.

அப்புறம் எதிரே. இந்தப் பாதையின் மொத்த விஷயமும் எதிரேதான். ஐகர் 3967 மீட்டர், நாலாயிரத்துக்கு முப்பத்துமூன்று மீட்டர் குறைவு, ஆனால் அண்டை வீட்டுக்காரர்கள் இருவரையும்விடப் பெயர் பெற்றது அதுதான். இடப்புறம் அது, நடுவில் மோன்ச், வலப்புறம் 4158 மீட்டர் யுங்ஃப்ராவ். மோன்ச் என்றால் துறவி, யுங்ஃப்ராவ் என்றால் கன்னி. ஐகரை அரக்கன் என்று சொல்லி, அரக்கனிடமிருந்து கன்னியைக் காக்க நடுவில் துறவி நிற்கிறார் என்று ஊரார் கதை சொல்வார்கள். ஒவ்வொரு வளைவு திரும்பும்போதும் ஐகர் ஒரு பிடி பெரிதாகிக்கொண்டே வரும். நடப்பது நீங்கள், நெருங்கி வருவது அது என்றுதான் தோன்றும்.

இந்தச் சுவரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு பார்த்தால் பார்வையே மாறிவிடும். அடியிலிருந்து உச்சி வரை சுமார் 1800 மீட்டர். மலையின் உச்சியை 1858-லேயே வேறு பக்கமாக ஏறித் தொட்டுவிட்டார்கள், ஆனால் இந்த வடக்குச் சுவர் வழியாக ஏற 1938 ஜூலை வரை யாராலும் முடியவில்லை. அதற்கு முன் முயன்றவர்களில் பலர் செத்தார்கள். 1936-ல் நால்வர் குழுவில் மற்ற மூவரும் இறந்துபோக, டோனி கர்ட்ஸ் என்ற இளைஞர் மட்டும் கயிற்றில் தொங்கியபடி ஓர் இரவைக் கழித்தார். மீட்க வந்தவர்கள் மலைக்குள் ஓடும் ரயில் சுரங்கத்தின் ஜன்னல் வழியாகச் சுவருக்கு வெளியே வந்தார்கள், அவருக்குக் கீழே சில மீட்டர் தூரம் வரை போய்விட்டார்கள், கை எட்டவில்லை. அவர் அங்கேயே இறந்தார். நீங்கள் புல்வெளிப் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பது அந்தச் சுவரைத்தான். அந்தக் காலத்திலும் கிளைனே ஷைடெக் ஓட்டல் மாடத்திலிருந்து விருந்தாளிகள் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பைனாகுலர் இருந்தால் சுவரின் நடுவில் சிறு ஓட்டைகளைத் தேடுங்கள். அவை சுரங்க ரயிலின் ஜன்னல்கள். 1896-ல் தோண்டத் தொடங்கி 1912-ல் முடித்த ரயில் அது. சுவரின் மேல்பாதியில் நடுவிலிருந்து நாலாப்பக்கமும் கால் நீட்டிய பனித்திட்டு ஒன்று தெரியும், மலையேறிகள் அதை வெள்ளைச் சிலந்தி என்பார்கள். கோடைக் கடைசியில் அது சுருங்கிவிடும்.

நடுவழியில் சீழ்க்கை சத்தம் கேட்டால் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பாதீர்கள். அது மார்மட், மர அணிலுக்குத் தூரத்துச் சொந்தம், பூனை அளவு. ஆபத்து என்று தன் இனத்தை எச்சரிக்கிறது, ஆபத்து நீங்கள்தான். அசையாமல் நின்றால் பாறைமேல் ஏறி உட்காரும். பிஸ்கட் போடாதீர்கள்.

மாடுகள் பாதையிலேயே நின்றால் நம்மூர் மாதிரி தட்டி விரட்டலாம் என்று நினைக்க வேண்டாம். கன்றோடு இருக்கும் பசு இங்கே முட்டும். விலகிச் சுற்றிப் போங்கள், கன்றைத் தடவாதீர்கள். வேலிக் கதவைத் திறந்தால் மூடுங்கள். மெல்லிய கம்பி போட்டிருந்தால் அதில் மின்சாரம் ஓடும், தொட்டுப் பார்க்கும் ஆசையைப் பிள்ளைகளுக்கு விட்டுவிடாதீர்கள்.

எதிரே வருகிறவர்கள் வணக்கம் சொல்வார்கள். பேர்ன் வட்டாரத்தில் அது "க்ரூஸ்ஸெக்". நீங்களும் அதையே திருப்பிச் சொன்னால் முகம் மலரும், வாய் வரவில்லையென்றால் ஹலோ போதும்.

கடைசி அரை மணி நேரத்தில் பாதை லவுபர்ஹார்ன் மலையின் அடிவாரத்தைச் சுற்றி இறங்கும். இந்த மலையின் மறுபக்கச் சரிவில்தான் 1930-ல் தொடங்கிய லவுபர்ஹார்ன் பனிச்சறுக்குப் பந்தயம் ஜனவரியில் நடக்கிறது, உலகக் கோப்பையின் இறங்கு பந்தயங்களிலேயே மிக நீளமானது, சுமார் நாலரை கி.மீ. கோடையில் அது வெறும் மேய்ச்சல் நிலம். இங்கே இறக்கம் கொஞ்சம் கூடும், முட்டிக்குப் பட்டை கட்டுகிறவர்கள் இங்கே கட்டிக்கொள்ளுங்கள், கைத்தடி இருந்தால் நல்லது. ஷைடெக்குக்குச் சற்று முன்னால் மேட்டில் ஒரு உணவகம் வரும். கீழே நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பவற்றைவிட அங்கே உட்காருவதுதான் எனக்குப் பிடிக்கும், ரயில் கூட்டம் அவ்வளவு தூரம் ஏறி வருவதில்லை.

அடிபட்டாலோ மயங்கினாலோ ஆம்புலன்ஸுக்கு 144, மலை மீட்பு ஹெலிகாப்டருக்கு 1414, எதுவும் நினைவில்லை என்றால் 112. இடி சத்தம் கேட்டால் முகட்டிலும் தனி மரத்தடியிலும் நிற்காமல் அருகிலுள்ள நிலையத்தைப் பார்த்து நடையைக் கட்டுங்கள்.

கிளைனே ஷைடெக்கில்

அமைதியாக மூன்று மணி நேரம் நடந்து வந்தவர்களுக்கு இந்த இடம் திருவிழாச் சந்தை மாதிரி இருக்கும். ரயில்கள், கொடி பிடித்த குழுத்தலைவர்கள், ஐஸ்கிரீம். சைவக்காரர்கள் ஒன்று கவனியுங்கள். உருளைக்கிழங்கு ரோஸ்டியும், மக்ரோனி, உருளைக்கிழங்கு, சீஸ் சேர்த்து ஆப்பிள் கூழோடு தரும் ஆல்ப்லர்மக்ரோனனும் பார்க்கச் சைவம் மாதிரி இருக்கும், இரண்டிலும் பன்றி இறைச்சித் துண்டு போடுவது வழக்கம். "ஓனே ஷ்பெக்" என்று சொல்லிக் கேளுங்கள், இல்லாமல் செய்து தருவார்கள்.

கால் இன்னும் ஒத்துழைத்தால், நேரமும் இரண்டு மணிக்குள் இருந்தால், ரயிலில் ஒரு நிலையம் மேலே ஐகர்கிளெட்ஷர் (2320 மீட்டர்) போய் அங்கிருந்து ஷைடெக்குக்கு நடந்து இறங்குங்கள். ஒரு மணி நேரம் போதும். வழியில் ஃபால்போடென் என்ற சிறு ஏரி வரும், காற்றில்லாத நேரத்தில் மலை அதில் தலைகீழாக நிற்கும். ஐகர் சுவரில் ஏறிய வழிகளை விளக்கும் சின்னக் காட்சிக்கூடமும் அங்கேதான். முதல் நடையைவிட இது கொஞ்சம் செங்குத்து, வயதானவர்களை ஷைடெக்கிலேயே காபியோடு உட்கார வைத்துவிட்டுப் போகலாம்.

இறங்குவது

ஷைடெக்கிலிருந்து இறங்கும் வெங்கெர்னால்ப் ரயில் 1893-லிருந்து ஓடுகிறது. தண்டவாளத்தின் நடுவே பல் போட்ட பட்டை, அதைக் கவ்விக்கொண்டு இறங்கும். ஊட்டி ரயிலில் போனவர்களுக்கு அந்தக் கடகட பழக்கமானதுதான். ஊட்டி மலை ஏறிய பழைய நீராவி எஞ்சின்களும் இந்த நாட்டின் விண்டர்தூரில் செய்தவை என்று அம்மாவிடம் சொன்னேன். "அப்படின்னா நம்ம வீட்டுக்கு வந்த மாதிரிதான்" என்றார்.

ஷைடெக்கில் இரண்டு பக்கமும் ரயில் நிற்கும், நிறமும் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்று வெங்கென், லவுட்டர்புருன்னென் பக்கம், மற்றது கிரின்டெல்வால்ட் பக்கம். தங்கும் ஊரைப் பொறுத்து ஏறுங்கள், பலகையைப் படித்துவிட்டு. கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள், கோடையிலும் அது நீங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரம் போய்விடும். ஜன்னல் இருக்கை கிடைத்தால், வெங்கென் பக்கம் இறங்குகிறவர்கள் இடப்பக்கம் உட்காருங்கள், யுங்ஃப்ராவ் மலை வெங்கெர்னால்ப் நிலையம் வரை கூடவே வரும். கிரின்டெல்வால்ட் பக்கம் இறங்குகிறவர்கள் வலப்பக்கம். பிற்பகல் வெயில் அதற்குள் ஐகர் சுவர்மேல் வந்திருக்கும்.